வாயில் வீடுகளை என்ன செய்வது: ஸ்காட்லாந்து எஸ்டேட் ஒன்றின் முன்னுள்ள வழிகள்

ஸ்காட்லாந்தில், மாளிகையும் அதைச் சூழ்ந்த பெருநிலமும் கொண்ட பழைய எஸ்டேட் ஒன்றை நிருவகிக்கும் குடும்பத்தின் கையில் மூன்று வாயில் வீடுகள் காலியாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதன்மைச் சாலையில் இருப்பது 1820-களைச் சேர்ந்த இரட்டை வீடு. நுழைவாயிலின் இரு புறமும் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்ததுபோல, பக்கத்துக்கு ஓர் அறையுடன் நிற்கிறது. கிராமத்தை ஒட்டிய வாயிலில் இருப்பது 1850-களில் கட்டிய மூன்று அறை வீடு. செங்குத்தான ஸ்லேட் கூரையும், கூரை விளிம்பில் சித்திர வேலைப்பாடுள்ள பலகையும், உயர்ந்த புகைபோக்கிகளும் உடையது. மூன்றாவது, பண்ணையைத் தாண்டிய பின்வழியில், அலங்காரம் ஏதுமின்றி 1870-களில் எழுப்பிய கல் வீடு. அந்தப் பாதையில் இப்போது மாளிகைக்கு யாரும் வருவதில்லை. எஸ்டேட் கற்பனையானது, ஆனால் இந்த மூன்று வகை வீடுகளும் அந்நாட்டில் பரவலாகக் காணப்படுபவை. இவற்றை வாடகைக்கு விடுவதா, விடுமுறைப் பயணிகளுக்கு விடுவதா, விற்பதா, பூட்டிக் காப்பதா என்பதே கேள்வி. மூன்றுக்கும் ஒரே விடை தேடுவதுதான் இதில் பலரும் செய்யும் பிழை என்பதும், எந்த வழியை எடுத்தாலும் வீட்டையும் அதன் வாயிலையும் ஒரே பொறுப்பின் கீழ் வைத்திருக்க வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

வாயில் வீடு என்பது மாளிகைக்குச் செல்லும் தனிப்பாதையின் தொடக்கத்தில் காவலர் குடும்பம் தங்குவதற்காகக் கட்டிய சிறு வீடு. வண்டிச் சத்தம் கேட்டதும் வெளியே வந்து கதவைத் திறப்பதும், இரவில் பூட்டுவதும், அழையாமல் வருபவரைத் திருப்பி அனுப்புவதும் அந்தக் குடும்பத்தின் வேலை. கணவனை இழந்த பணியாளர் மனைவிக்கு இந்தப் பொறுப்பையும் வீட்டையும் சேர்த்தே கொடுத்த எஸ்டேட்டுகள் பல உண்டு. சாலைப் பக்கமாகப் பிதுங்கி, மூன்று முகங்களுடன் நிற்கும் சன்னலுக்குள் நின்று பார்த்தால் அதன் காரணம் விளங்கும்: அடுப்பங்கரையை விட்டு நகராமலே சாலையின் இரு திசைகளையும் கண்காணிக்கலாம். விருந்தினர் கண்ணில் படும் முதல் கட்டடம் இதுதான் என்பதால், வில்லியம் பர்ன், டேவிட் பிரைஸ் போன்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களும் மாளிகைகளோடு வாயில் வீடுகளையும் வடிவமைத்துக் கொடுத்தார்கள். மாளிகையின் கோபுரமும் படிக்கட்டு முகப்பும் சிறிய அளவில் வாயிலிலேயே தலைகாட்டுவது இதனால்தான்.

மோட்டார் வண்டி வந்ததாலும், முதல் உலகப் போருக்குப் பின் ஆட்கள் குறைந்து வாரிசு வரி கூடியதாலும், இந்த வேலை மறைந்தது. பல இடங்களில் மாளிகையே போய்விட்டது. ஆங்கஸ் பகுதியில் பான்மியூர் மாளிகை 1955-இல் இடிக்கப்பட்டது, ஆனால் அதன் மேற்கு வாயில் மிஞ்சியது. வாயிலுக்கு எவ்வளவு பொருள் இருந்தது என்பதற்கு இன்னர்லீத்தன் அருகேயுள்ள டிராக்குவேர் எடுத்துக்காட்டு. அங்கே கல் கரடிகள் காவல் நிற்கும் வாயிலை, அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸ் எட்வர்ட் 1745-இல் வந்து சென்ற பின் டிராக்குவேர் பிரபு மூடிவிட்டார் என்றும், ஸ்டூவர்ட் மரபினர் மறுபடி அரியணை ஏறும்வரை திறக்கமாட்டேன் என்று சூளுரைத்தார் என்றும் அவ்வூரில் சொல்லிவருகிறார்கள். வாயில் இன்றும் திறக்கப்படுவதில்லை. வருபவர்கள் பக்கத்துப் பாதையில் செல்கிறார்கள். பயன்பாடு முற்றிலும் நின்றுபோன வாயிலையும் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பராமரித்து நிறுத்தி வைத்திருக்கிறது என்பதை, ‘பயனில்லாத வாயிலுக்கு எதற்குச் செலவு’ என்று கேட்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வழிகளை ஒப்பிடுமுன், எல்லா வழிக்கும் பொதுவான சட்ட நிலையைச் சொல்லியாக வேண்டும். வரலாற்று மதிப்புள்ள கட்டடங்களை ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகளாகப் பட்டியலிடுகிறது. நாடு முழுவதும் ஏறத்தாழ 47,000 பதிவுகள் அதில் உள்ளன. பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் எந்த வேலைக்கும், வீட்டின் உட்புறமானாலும், உள்ளாட்சி மன்றத்தின் தனி அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்வது குற்றம். வீட்டின் வளாகத்துக்குள் 1948 ஜூலை 1-க்கு முன் எழுந்த துணைக் கட்டுமானங்களும் பொதுவாக இந்தக் காப்பில் அடங்கும் என்பதால் தூண்கள், வளைந்த பக்கச் சுவர்கள், இரும்புக் கிராதி ஆகியவற்றையும் தொடுமுன் கேட்டாக வேண்டும். ஆனால் இந்தச் சட்டம் கெடுப்பதைத்தான் தடுக்கிறது. அன்றாடம் பராமரிக்க யாரையும் அது எளிதில் கட்டாயப்படுத்துவதில்லை. பட்டியலில் இருந்துகொண்டே கூரை சரிந்த வீடுகள் உண்டு. அழியும் நிலையிலுள்ள கட்டடங்களுக்கென 1990-இல் தனிப் பதிவேடு தொடங்க வேண்டி வந்ததும் அதனால்தான்.

அழிவு எங்கே தொடங்குகிறது என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால், எந்த வழி நல்லது என்ற கேள்வி பாதி தெளிந்துவிடும். வாயில் வீடுகள் பெரும்பாலும் பீச் அல்லது லைம் மரச் சாலையின் அடியில் நிற்கின்றன. நவம்பரில் உதிரும் இலை கூரை விளிம்பில் மழைநீரை வடிக்கும் வார்ப்பிரும்புப் பீலியில் நிறைந்து அடைத்துக்கொள்கிறது. நீர் பீலியின் பின்பக்கமாக வழிந்து சுவர்த் தலைக்குள் இறங்குகிறது. அங்கே படுத்திருக்கும் மர உத்திரம் ஈரமாகிறது. காற்றோட்டமில்லாத குளிர் வீட்டில் மரத்தை அரிக்கும் பூஞ்சை அதைப் பற்றிக்கொண்டு, சுவருக்குள்ளேயே படர்ந்து தரைப் பலகை வரை போகிறது. ஆள் இருக்கும் வீட்டில் சுவரில் ஈரத்தடம் தெரிந்த உடனே ஒருவர் ஏணி வைத்து இலையை அள்ளிப் போட்டுவிடுவார். பூட்டிய வீட்டில் அது இரண்டு மூன்று குளிர்காலம் கழித்துத்தான் தெரியவரும். புகைபோக்கியும் அப்படியே, தீ மூட்டாத புகைபோக்கிக்குள் ஜாக்டா காகங்கள் சுள்ளிகளைப் போட்டுப் போட்டுக் கூடு கட்டி அடைத்துவிடுகின்றன.

வாயிலின் நோய் வேறு மாதிரி. கதவைத் தாங்கும் இரும்பு முளைகளைக் கல்தூணில் துளையிட்டு, உருக்கிய ஈயம் ஊற்றிப் பதித்திருப்பார்கள். கதவின் வண்ணப்பூச்சு உரிந்து நீர் இறங்கினால் முளை துருப்பிடித்துப் பருக்கிறது; பருத்த இரும்பு தூணின் கல்லை உள்ளிருந்து பிளக்கிறது. சில ஆண்டுக்கொரு முறை பூச வேண்டிய வண்ணத்தைத் தவறவிட்டால், கடைசியில் தூணையே பிரித்துக் கட்ட வேண்டியதாகிறது. வீட்டை ஒருவரும் வாயிலை இன்னொருவரும் வைத்திருக்கும் இடங்களில் இந்த வண்ணம் பூசும் வேலைதான் முதலில் அநாதையாகிறது. எனவே ஒவ்வொரு வழியைப் பற்றியும் நான் கேட்கும் முதல் கேள்வி வருமானத்தைப் பற்றியது அல்ல. பீலியை யார் பார்ப்பார், கதவுக்கு யார் வண்ணம் பூசுவார் என்பதே.

பூட்டிக் காக்கும் வழியை முதலில் பார்த்து ஒதுக்கிவிடலாம். மிகக் குறைந்த செலவு என்று தோன்றுவதால் இதுவே பெரும்பாலும் தானாக நடந்துவிடுகிறது. ஆனால் ஓராண்டுக்கு மேல் காலியாக உள்ள வீட்டுக்கு இரு மடங்கு உள்ளாட்சி வரி விதிக்க மன்றங்களுக்கு அதிகாரம் உண்டு; காலி வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பல ஆபத்துகளை விலக்கிவிடுகின்றன. கூரையைச் சரிசெய்து, நீர்க்குழாய்களை வடித்து, காற்றோட்டம் வைத்து, மாதம் ஒருமுறை ஒருவர் சுற்றிப் பார்ப்பதாக எழுத்தில் ஏற்பாடு செய்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கலாம். முடிவெடுக்க அவகாசம் வாங்கித் தரும் ஏற்பாடாக மட்டுமே இதை ஏற்கலாம். ஒரு நன்மை மட்டும் குறிப்பிடத்தக்கது: இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் யாரும் குடியிராத வீட்டைப் புதுப்பிக்கும்போது, நிபந்தனைகள் பொருந்தினால், மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதத்துக்குப் பதில் 5 சதவீதமாகிறது. பட்டியலிட்ட வீடுகளில் அனுமதி பெற்றுச் செய்யும் மாற்றங்களுக்கு இருந்த முழு வரிவிலக்கு 2012 அக்டோபரில் நீக்கப்பட்டுவிட்டதால், ஏற்கெனவே நெடுங்காலம் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகை பெரியது. அதற்காகவே வீட்டைக் காலி போடுவது, பூஞ்சையின் செலவைக் கணக்கில் சேர்த்தால், ஒருபோதும் கட்டுப்படியாகாது.

நீண்டகால வாடகையே என் முதல் தெரிவு. எஸ்டேட்டில் வேலை செய்பவரோ, கிராமப் பள்ளி ஆசிரியரோ, இளம் குடும்பமோ அங்கே குடியிருந்தால் வீடு சூடாகவும் உலர்ந்தும் இருக்கும், விளக்கெரியும், கதவை யாரோ திறந்து மூடுவார்கள். குடியிருப்புப் பற்றாக்குறையால் கிராமப் பள்ளிகளே மூடும் நாட்டுப்புறத்தில் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு குடும்பத்தின் மதிப்பை வாடகைத் தொகையை மட்டும் வைத்து அளக்க முடியாது. எதிர்ப்பக்கத்தில் வைக்க வேண்டியவையும் உள்ளன. 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள வாடகை முறையில் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி கிடையாது. சட்டம் சொல்லும் 18 காரணங்களுள் ஒன்று இருந்தால்தான் வீட்டைத் திரும்பக் கேட்கலாம். குடியிருப்பவர் உரிமையாளரிடம் வேலையில் இல்லாமற்போவது அக்காரணங்களுள் ஒன்று என்பதால் பணியாளர் வீடாகக் கொடுப்பதற்கு வழி இருக்கிறது. ஆனாலும் தீர்ப்பாயம் நியாயத்தைப் பார்த்தே முடிவு சொல்லும். இந்தப் பாதுகாப்பைக் குறையாகக் கருதும் எஸ்டேட்டுகள் உண்டு. எனக்கு அது நிறையாகவே படுகிறது, ஏனெனில் நாளை போகச் சொல்வார்கள் என்று அஞ்சும் குடித்தனக்காரர் தோட்டத்தையும் வீட்டையும் தன்னுடையதாக எண்ணிப் பேண மாட்டார்.

இந்த வழியின் உண்மையான சுமை சீரமைப்புச் செலவு. வாடகை வீட்டுக்கான தர விதிகள் 2024 மார்ச் 1 முதல் மேலும் இறுக்கப்பட்டுள்ளன; ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கைக் கருவிகள் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயம். ஏறத்தாழ இரண்டடி தடிப்புள்ள திண்கல் சுவரைக் குளிருக்கு ஏற்றதாக்குவது எளிதல்ல. உட்புறம் தடித்த காப்புப் பலகை அடித்தால் ஏற்கெனவே சிறிய அறை மேலும் சுருங்கும், பழைய சன்னல் சட்டங்களும் மறையும். கூரைத் தளத்தில் நல்ல காப்பு, பழைய சன்னலுக்கு உட்புறமாக இரண்டாம் கண்ணாடி, சுவரில் முன்பு யாரோ பூசிய சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து என்ற வரிசையே அறிவுடையது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாமல் சுவருக்குள் அடைத்து வைக்கிறது, ஈரமான சுவர் உலர்ந்த சுவரைவிட வேகமாக வெப்பத்தை இழக்கிறது. பலஹூலிஷ் ஸ்லேட் குவாரிகள் 1955-இல் மூடப்பட்டதால், அந்த ஓடு வேய்ந்த கூரைக்குப் பழைய ஓடுகளையே தேடி வாங்க வேண்டும். கூரையில் வவ்வால் குடியிருந்தால் உரிமம் பெறாமல் கூரையைத் தொட முடியாது. வேலைக்கான பருவத்தையும் அதற்கேற்பத்தான் அமைக்க வேண்டும். குளியலறை வேண்டுமென்றால் பின்பக்கத்தில், பாதையிலிருந்து கண்ணில் படாத இடத்தில் சேர்ப்பதே அனுமதி கிடைக்கக்கூடிய வழி; மூன்று அறை வீட்டுக்கு இது பொருந்தும்.

இரட்டை வீட்டுக்குப் பொருந்தாது. இதில் ஒரு பக்கம் சமையலும் புழக்கமும், மறுபக்கம் படுக்கை என்று பழைய குடும்பங்கள் வாழ்ந்தன. மழையிலும் பனியிலும் வண்டிப்பாதையைக் கடந்துதான் உறங்கப் போக வேண்டும். பின்புறம் அறைகளைக் கூட்டினால் சமச்சீர் கெடும்; இரு பக்கமும் கூட்டினால் செலவு இரட்டிப்பாகும், வாயிலின் உருவமும் வீங்கிப்போகும். இந்த வீடு விடுமுறைப் பயணிகளுக்கு ஏற்றது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஒரு வார காலத்துக்கு இருவர் தங்கும்போது பாதையைக் கடப்பது ஓர் அனுபவமாகிவிடும். ஓராண்டு தங்குபவருக்கு அது தண்டனை. லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 1965 முதல் இத்தகைய விசித்திரமான சிறு கட்டடங்களை மீட்டு, விடுமுறைத் தங்கலின் வருவாயில் பராமரித்து வருகிறது. ஸ்காட்லாந்தில் டன்மோரில் 1761-ஆம் ஆண்டைத் தாங்கி, கல்லில் செதுக்கிய அன்னாசிப் பழத்தைத் தலையில் சுமந்து நிற்கும் தோட்ட மாளிகையும், கின்டயரில் சாடல் எஸ்டேட்டின் வாயில் வீடும் அதன் பொறுப்பில் உள்ளன. கட்டடத்தின் சங்கடமான சிறு அளவைப் பெரிதாக்காமல் அப்படியே விடலாம் என்பதே இந்த வழியின் பெருமை.

ஆனால் இதன் வருவாயை மிகைப்படுத்திக் கணக்கிடுபவர்களே அதிகம். 2022-இல் வந்த ஆணையின்படி குறுகிய காலத் தங்கலுக்கு உரிமம் கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் 1-க்குள் பழைய உரிமையாளர்களும் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எடின்பரோவிலும், ஹைலாந்தில் பேடனாக், ஸ்ட்ராத்ஸ்பே பகுதியிலும் கட்டுப்பாட்டு மண்டலங்கள் அறிவிக்கப்பட்டிருப்பதால் அங்கே திட்ட அனுமதிச் சிக்கலும் சேர்கிறது. உள்ளாட்சி வரியிலிருந்து வணிகச் சொத்து வரிக்கு மாற, ஆண்டில் 140 நாள் வாடகைக்குத் தயாராகவும் 70 நாள் உண்மையில் வாடகைக்குப் போயும் இருக்க வேண்டும். அறைகலன்களுடன் விடும் விடுமுறை வீடுகளுக்கு இருந்த தனி வருமான வரிச் சலுகைகள் 2025 ஏப்ரலில் முடிந்துவிட்டன. சனிக்கிழமை தோறும் துப்புரவு, துணி மாற்றம், விறகு, சாவி என்று வேலை நிற்பதில்லை. எஸ்டேட்டில் இதற்கென ஒருவர் இல்லையென்றால் இலாபம் ஏஜென்சியின் கட்டணத்திலேயே கரைந்துவிடும். குளிர்காலத்தில் வீடு வெறிச்சோடிக் கிடக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. முன்பு சொன்ன இலையும் நீரும் வருவது அப்போதுதான். ஆகவே வேறு வழியில்லாத சிறு கட்டடத்துக்கே இதை ஒதுக்க வேண்டும். குடும்பம் வாழக்கூடிய கிராம வாயில் வீட்டை இதற்குக் கொடுப்பது தவறு.

சீட்டு விற்கும் அறை, எஸ்டேட் அலுவலகம், சிறு கடை போன்ற பயன்களையும் சிலர் முன்மொழிகிறார்கள். மாளிகை பொதுமக்களுக்குத் திறந்திருந்து, வருபவர் எல்லாரும் அந்த வாயிலைக் கடந்தால் மட்டுமே இது நிற்கும். முதன்மைச் சாலை வளைவில் வண்டிகளை நிறுத்த விடுவது ஆபத்தும்கூட.

விற்பனை மற்ற எல்லாவற்றிலும் வேறுபட்டது, ஏனெனில் அதைத் திரும்பப் பெற முடியாது. முற்காலத்தில் எஸ்டேட் ஒரு வீட்டைக் கொடுத்தாலும் மேலுரிமையாளராக இருந்து நிபந்தனைகளை நிலைநாட்ட முடிந்தது. 2004 நவம்பர் 28-இல் அந்த நிலமானிய முறை முற்றாக ஒழிந்தது. இப்போது பத்திரத்தில் எழுதிப் பதிந்ததும் சட்டம் ஏற்பதும் மட்டுமே செல்லும். ஆகவே மாளிகைப் பாதை, நீர்க்குழாய், கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் பாத்தியதைகளையும், பாதைப் பராமரிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் ஐயத்துக்கு இடமின்றி எழுத வேண்டும். மறுவிற்பனையில் முதலில் எஸ்டேட்டுக்கே தர வேண்டும் என்ற நிபந்தனையைப் பலரும் பெரிய காவலாக நம்புகிறார்கள். ஒருமுறை வாங்க மறுத்தால் அந்த உரிமை பொதுவாக அத்தோடு முடிந்துவிடும்.

இதைவிட வலுவான கருவி ஒன்று 2003-ஆம் ஆண்டின் உரிமை நிபந்தனைகள் சட்டத்தில் இருக்கிறது. கட்டடத்தின் வரலாற்றுத் தன்மையைக் காக்கும் நிபந்தனையை, அரசு அங்கீகரித்த பாதுகாப்பு அமைப்பு ஒன்றின் பெயரில், அதன் ஒப்புதலோடு பதிவு செய்யலாம். அவ்வமைப்புக்குப் பக்கத்தில் நிலம் இருக்க வேண்டியதில்லை. நூறாண்டு கடந்த சாதாரண நிபந்தனைகளை அறிவிப்பு கொடுத்து முடித்துவைக்கும் வழி இந்த வகைக்குப் பொருந்தாது என்பது இதன் பெரும் பலம். வாங்கி, சீரமைத்து, நிபந்தனையுடன் விற்று, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்கும் முறையை நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து 1960 முதல் ஃபைஃப் கடற்கரையின் மீனவ ஊர்களில் நடத்திக் காட்டியிருக்கிறது. அந்த வீதிகளின் இன்றைய அழகுக்கு நிபந்தனையுடன் கூடிய விற்பனைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், ‘விற்றால் போச்சு’ என்று ஒரேயடியாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே சட்டத்தில் கிராமக் குடியிருப்புக்கான நிபந்தனை என்ற இன்னொன்றும் உண்டு. அங்கீகாரம் பெற்ற கிராம வீட்டுவசதி அமைப்பு ஒவ்வொரு மறுவிற்பனையிலும் வாங்கும் முன்னுரிமையைத் தக்கவைத்துக்கொள்ளும். உள்ளூர்க் குடும்பத்துக்குக் குறைந்த விலையில் கொடுக்க விரும்பும் எஸ்டேட்டுக்கு இதுவே தக்கது.

இவற்றை அந்த மூன்று வீடுகளுக்கும் பொருத்தினால், கிராம வாயில் வீட்டை நீண்டகால வாடகைக்கும், இரட்டை வீட்டை விடுமுறைத் தங்கலுக்கும், பின்வழி வீட்டை நிபந்தனையுடன் கூடிய விற்பனைக்கும் நான் ஒதுக்குவேன். பின்வழியில் எஸ்டேட்டுக்குப் புழக்கம் இல்லை. அங்குள்ள இரண்டு எளிய தூண்களையும் கதவையும் வீட்டோடு சேர்த்தே கிரயம் செய்து, கதவைக் கழற்றக் கூடாது, தூணைத் தள்ளி வைக்கக் கூடாது, வண்ணம் பூசிவர வேண்டும் என்று நிபந்தனையில் எழுதலாம். பண்ணை வண்டிகள் செல்லும் பாத்தியதையை மட்டும் எஸ்டேட் தன்னிடம் வைத்துக்கொண்டால் போதும். முன்வாயில்கள் இரண்டையும், மாளிகை நிற்கும்வரை, எந்த விலை வந்தாலும் விற்கக் கூடாது. நிலவடிவமைப்பில் மரச்சாலையும் வாயிலும் மாளிகையும் ஒரே கோட்டில் எண்ணி அமைக்கப்பட்டவை, அதன் முதல் கண்ணியான வாயில் கைமாறினால் அந்தக் கோட்டைக் காக்கும் அதிகாரம் போய்விடும்.

வரிசையும் முக்கியம். மூன்று வீடுகளின் கூரைகளையும் பீலிகளையும் விற்பனைக்கு முன்பே நீர் புகாதபடி சீர்செய்துவிட வேண்டும். ஓடு சரிந்த வீட்டை வாங்க வருபவர் விலையை மட்டுமின்றி நிபந்தனைகளையும் குறைக்கச் சொல்லி நெருக்குவார். மரம் அறுக்கும் ஆலையிலும் தோட்டக் கொட்டகையிலும் தேடினால் பழைய இரட்டைக் கதவின் ஒரு பக்கமோ கிராதியின் முனைகளோ கிடைப்பது உண்டு என்பதால், அவற்றையும் புகைப்படமெடுத்து எஸ்டேட்டின் பொருள் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். பின்வழி வீட்டின் விற்பனைத் தொகையை எஸ்டேட்டின் பொதுக் கணக்கில் கலக்காமல், இரட்டை வீட்டின் கல் வேலைக்கும் முன்வாயில் கதவுக்கும் என்று தனியே ஒதுக்கி அறங்காவலர் தீர்மானத்தில் பதிய வேண்டும். பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலை விளம்பரத்துக்கு முன்பே பெற்றுவிட வேண்டும். கிரயப் பத்திரத்தோடு பதியாமல் விட்ட நிபந்தனையைப் பின்னர் சேர்க்க வேண்டுமானால், வாங்கியவர் தாமாக இசைந்தால்தான் முடியும்.